அரைப் பேர்

சாமிமலைக்கு மேலே, மேற்பிரிவு, ஆறாம் லயம்.
மழை விட்டும் தகரம் விடவில்லை.
டேப்லெட்டைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து
முதல் கேள்வியைக் கேட்டேன்:
பெயர்?

"இன்னைக்கா?" என்றாள் கோகிலமணி.
"இன்னைக்கு அரைப் பேர்தான்."

பதினாறு கிலோ. நாலு குறைவு.
இந்த மலைகளில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பேர்.
நானும் லயத்தில் பிறந்தவள்தான்.
அட்டனில் மூன்று வருடம் வாடகை அறையில் இருந்ததில்
அது மறந்துபோயிருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னேன்.
உலகத்து நாடெல்லாம் கூடிப்
பதினேழு இலக்கு வைத்திருக்கிறது அக்கா,
இரண்டாயிரத்து முப்பதுக்குள் முடிக்க.
அதில் ஐந்தாம் நம்பர் பெண்களுக்கு.

"ஐஞ்சாம் நம்பரா?"
புகைக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது.
ஐந்தாம் நம்பர் மலை அங்கே செங்குத்து.
குளவிக்கூடு இரண்டு.
ஒதுங்க ஒரு மறைப்பில்லை,
அதனால் தேத்தண்ணி குடிக்காமல் ஏறுவார்கள்
தேயிலை பறிக்க.

"இலக்கு எங்ககிட்டயும் இருக்கு தங்கச்சி. இருபது கிலோ.
ஒங்க இலக்குலயும்
சாக்குக்கும் ஈரத்துக்கும்னு ரெண்டு கிலோ கழிப்பாங்களா?"

வீட்டில் முடிவெடுப்பது யார்?
தனியாக, கணவர், சேர்ந்து, பிறர்.
வாசலைப் பார்த்தாள்.
வாசலில் ஒரு சோடிச் செருப்பு. பெரியது.
"சேர்ந்து."
பச்சையாய்ச் சரிக்குறி விழுந்தது.

சங்கத்தில் உறுப்பினரா?
சந்தா சம்பளத்திலேயே வெட்டுப்படுகிறது.
கூட்டத்தில் பேசியதுண்டா?
"தலைவர் வந்தா மாலையை எடுத்துக் குடுக்கிறது நான்தான்."

பிறகு அந்த இருபத்து நாலு மணிநேர அட்டவணை.
நாலு மணிக்குப் பீலியில் தண்ணி.
ரொட்டி, சம்பல், பிள்ளைக் காம்பராவில் சின்னவன்,
பெரட்டு, மலை, நிறுவை, மறுபடி மலை,
இறங்கும்போது தலையில் விறகு.
வேற? என்று கேட்கக் கேட்க
ஒன்றுக்குள் ஒன்றாக வெளியே வந்தது:
சமைத்தபடி டிலுக்ஷிக்குக் கணக்கு,
துவைத்தபடி மாமனாருக்கு மருந்து,
தூங்கியபடி சின்னவனுக்குப் பால்,
தூங்கியபடி, அவர் குடித்துவிட்டு வரும் இரவுகளில்,
விழித்திருத்தல்.

அந்தக் கடைசியை வேலையில் போடவா ஓய்வில் போடவா?
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.

கூட்டினால் முப்பத்தொன்று.
திரை சிவந்தது. மொத்தம் 24ஐ மீறக்கூடாது.
மீறினால் அடுத்த பக்கம் திறக்காது.

டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினேன்.
தராசு முள்ளை நம்பாமல் தினமும் எட்டிப் பார்க்கிற கண்.
"ஏழு கூடுதலா?"
"ஆமாக்கா."
"கொழுந்து கூடினா கிலோவுக்குக் கைக்காசு உண்டு.
இதுக்கு?"

கணக்கப்பிள்ளையைப் போல
நான் கழிக்கத் தொடங்கினேன்.
விறகில் ஒன்று. மாமனாரில் ஒன்று.
டிலுக்ஷியின் கணக்கில் ஒன்று. பாலில் இரண்டு.
விழித்திருந்த இரண்டையும் முழுசாக.
அடுத்த பக்கம் திறந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மார்ச் மாதம், நுவரெலியா ஹோட்டலில் அறிக்கை வெளியீடு.
பெண்களுக்கு மட்டும் நாலு கழிப்பறை,
ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சாடி.
திரையில் ஐந்தாம் இலக்கு: முன்னேற்றம் மிதமானது.
என் கழுத்தில் என் பேர் தொங்கியது, முழுப் பேர்,
முதலெழுத்தோடு.
அந்த ஏழு மணிநேரம் என்னிடம் இருக்கிறது என்று சொல்லக்
கையைத் தூக்கினேன்.
மைக் வரிசை வரிசையாக வந்தது.
எனக்கு முந்தின வரிசையில்
நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது அவளே எடுத்தாள்.
சிக்னல் விட்டுவிட்டுக் கேட்டது.
"தங்கச்சி, அந்தப் புத்தகத்துல எம்பேரு வந்துச்சா?"

பேர் போடுவதில்லை அக்கா, அதுதான் விதி,
நூற்றுப் பதினெட்டு என்று வந்திருக்கிறது என்றேன்.

கொஞ்ச நேரம் பீலிச் சத்தம் மட்டும்.
"கிலோவா?" என்றாள்.